சனிக்கிழமை குதிரைப் பரீட்சை

அன்பு மகனுக்கு,

"ஏம்மா, அறுவத்திரண்டு வயசுல குதிரை ஏறி இன்னா பண்ணப் போற? கம்பெனில எல்லாம் கலாய்க்கிறானுங்கம்மா" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாய். பிறகு நீ எடுக்கவே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

தொடையில் உதை வாங்கியது உண்மைதான். தப்பு என்னுடையது. பரீட்சை ஹாலில் பிள்ளைகளின் முதுகுப்பக்கமாகச் சத்தமில்லாமல் நடந்து பழகிய கால் இது. லாயத்திலும் அப்படியே ஜூலி என்ற குதிரையின் பின்னால் போய் நின்றேன். எனக்குச் சொல்லித்தரும் சுமலதா ஓடிவந்தாள். "டீச்சர், ஜூலி இன்னா பிட்டா அடிக்குது, பூனை மாரி பின்னால போறீங்க? கொரல் குடுத்துக்கினே தோள் பக்கமா போங்க!" வலியிலும் சிரித்துவிட்டேன்.

இப்போது குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்கிறேன். சேணத்தின் வாரை நானே இறுக்குகிறேன். கணக்கில் தோற்ற எந்தப் பிள்ளையையும் நான் பள்ளியைவிட்டு நிறுத்தியதில்லை. ஒரு தப்புக்கு என்னை மட்டும் ஏன் நிறுத்த வேண்டும்?

"பரீட்சைக்குப் போனா, நான் ஊட்டுப் பக்கமே வர மாட்டேன்" என்றாய். அப்பா போனதிலிருந்து நான் நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அப்போது யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிக்கட்டும். சனிக்கிழமை காலை சோழவரத்தில் குதிரையேற்றத்தின் முதல் நிலைத் தேர்வு. எழுதுவேன், குதிரையும் ஏறுவேன்.

உனக்கு அன்று ஷிப்ட் இல்லை. வா. ஒரு கேரட்டை எடுத்து, உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, ஜூலியின் வாயருகே நீட்டிப் பார்.

உன் அம்மா