கன்றுகளுக்கு நடுவே செம்மறி

நவம்பர் 18, 1944
மழை விட்டது. பேரணிப் பக்கம் ரயில் பாதையோரத்து மேட்டு நிலத்துக்குப் போனேன். விறகுக்கு விற்றுத் தீர்த்த காட்டைத் திரும்பக் கொண்டுவர போன வருஷம் வெப்பாலையும் வீரையுமாக மரக்கன்று நட்டு வைத்தேன். ஒரு கன்றும் கண்ணில் படவில்லை. இடுப்பளவு புல். அறுக்க ஆள் இல்லை, எல்லோரும் கடலைக் கொல்லைக்கு மல்லாட்டை பிடுங்கப் போய்விட்டார்கள். கொளுத்திவிடச் சொல்கிறார்கள். புல்லுக்குள் எத்தனை உயிர். சமணனாகப் பிறந்துவிட்டுத் தீ வைப்பதா?

நவம்பர் 26
ஆடு மேய்க்கிற முருகையனை வரச் சொன்னேன், மந்தையை ஓட்டி வந்தான். வெள்ளாடு என்றால் விட்டிருக்கமாட்டேன், கன்றைத்தான் முதலில் கடிக்கும். செம்மறிக்குப் புல் போதும்.

டிசம்பர் 20
கன்றுகளின் தலை தெரிகிறது. அப்பாடா.

ஜனவரி 9, 1945
என் மனைவி பத்மாம்பாள் சோறு போடும்போது கேட்டாள்: "நம்ம புல்லைத் தின்னு கொழுத்துட்டு, திண்டிவனம் சந்தைல கசாப்புக்குப் போவுதே. அந்தப் பாவம் யாருக்குங்க?" புழுவுக்கு இரங்கி ஆட்டைக் கொழுக்க வைத்தேனா? பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

ஜனவரி 11
இங்கே மேய்ந்த ஆட்டைக் கசாப்புக்கு விற்கக்கூடாது என்றேன். முருகையன் கோபப்படவில்லை. "விக்காம நான் இன்னாத்த துன்றதுங்க?" என்றான். மந்தையை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். போகட்டும். என் கை சுத்தம்.

பிப்ரவரி 27
மறுபடி புல், அதுவும் காய்ந்துபோய். நானே அரிவாள் எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் முதுகு விட்டுப்போயிற்று. இந்த வயதில் இது எனக்குத் தேவையா?

மார்ச் 14
எரிந்துவிட்டது. ரயில் எஞ்சினிலிருந்து பொறி விழுந்திருக்கிறது. ஓணான், கௌதாரிக் குஞ்சு, எல்லாம் கரி. நான் தீ வைக்கல — வைக்கலதான். புல்லை அப்படியே விட்டு வச்சது யாரு? பத்மாம்பாள் இன்று சாப்பிடவில்லை. நானும்தான்.

மார்ச் 15
எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 30
கருகிய வெப்பாலைகள் சில அடியில் துளிர்த்திருக்கின்றன. வீரை போனது போனதுதான். துளிரை முந்திக்கொண்டு புல் வருகிறது. எனக்கு அலுத்துவிட்டது.

நவம்பர் 12
முருகையனுக்குச் சொல்லி அனுப்பினேன். மந்தையோடு வந்து வேலிக்கு வெளியிலேயே நின்றான். "நயினாரே, அன்னிக்கி சொன்னது இன்னும் இருக்குதுங்களா?"

முள் படலை இழுத்துத் திறந்தேன். ஆடுகள் என் காலை உரசிக்கொண்டு உள்ளே போயின. கூட வந்திருந்த பத்மாம்பாள் அவற்றுக்குத் தொட்டியில் தண்ணீர் ஊற்றினாள். சந்தை என்றைக்கு என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை.