பிரசவத் துணையை மருந்து வரிசைக்கு அனுப்ப வேண்டாமெனக் கோருதல்

அனுப்புநர்
மகளிர் ஓட்டுநர் பயிற்சி ஆசிரியை
(தங்கள் மருத்துவமனையில் இரண்டாம் பிரசவத்துக்குப் பதிவு செய்திருப்பவர்),
மாடி வீடு, பேருந்து நிலையத்தின் பின்தெரு.

பெறுநர்
கண்காணிப்பாளர் அவர்கள்,
மகப்பேறு மருத்துவமனை.

பொருள்: பிரசவ வார்டில் கர்ப்பிணியுடன் இருக்க அனுமதிக்கப்படும் துணையாளரை மருந்தகம், ஆய்வகம் முதலிய இடங்களுக்கு அனுப்பாதிருக்கவும், அவ்வேலைகளுக்கென வெளியே நிற்கும் உறவினர் ஒருவருக்குத் தனி அட்டை வழங்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: பதிவுப் பிரிவில் நான் நேரில் வைத்த வாய்மொழிக் கோரிக்கையும், அதற்குக் கிடைத்த "கடைசி நேரத்துல பாத்துக்கலாம்மா" என்ற பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியை. என் மகள் தங்கள் மருத்துவமனையில்தான் பிறந்தாள். இப்போது ஒன்பதாம் மாதத்தில் இருக்கும் நான், இரண்டாவது குழந்தையையும் இங்கேயே பெற்றுக்கொள்ளப் பதிவு செய்துள்ளேன். தங்கள் மருத்துவர்கள் மீதோ செவிலியர்கள் மீதோ எனக்குக் குறை ஏதுமில்லை. இது ஓர் அட்டையின் மீதான புகார். கீழே சொல்லப்படும் நிகழ்ச்சியில் எவரும் விதியை மீறவில்லை. எல்லோரும் விதிப்படி நடந்துகொண்டதால்தான் இந்த மனுவை எழுத நேர்ந்தது.

2. முதல் பிரசவத்தின்போது, டூலா என்று சொல்லப்படும் பிரசவத் துணையாளர் ஒருவரை நான் அமர்த்தியிருந்தேன். அவர் மருத்துவச்சி அல்ல. மருந்து கொடுக்க மாட்டார், பரிசோதிக்க மாட்டார், மருத்துவர் சொல்வதற்குக் குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். வலி தொடங்கியது முதல் குழந்தை பிறக்கும்வரை கர்ப்பிணியின் பக்கத்திலேயே இருந்து இடுப்பை அழுத்திவிடுவார், மூச்சை நினைவூட்டுவார், திரும்பிப் படுக்கக் கை கொடுப்பார். இதற்கென முறையாகப் பயிற்சி பெற்றவர். என்ன செய்வீர்கள் என்று முதல் சந்திப்பில் கேட்டபோது, "பெருசா ஒன்னும் பண்ண மாட்டேன்மா. பக்கத்துலயே இருப்பேன்" என்றார். உடனிருந்த என் மாமியார், "ஒன்னும் பண்ணாம இருக்கிறதுக்கு ஒரு ஆளா?" என்று கேட்டார். துணையாளர் போன பிறகு, "கூலிக்கு மாரடிக்கிறவங்களைக் கேள்விப்பட்டிருக்கேன். கூலிக்குப் பக்கத்துல உக்கார்றவங்களை இப்பதான் பாக்குறேன்" என்றும் சொன்னார்.

3. பக்கத்தில் உட்காருவதுதான் என் தொழிலும் என்பதால் எனக்கு அதன் மதிப்பு தெரிந்திருந்தது. கற்றுக்கொள்ள வருபவர்தான் காரை ஓட்டுகிறார். நான் பக்கத்து இருக்கையில், என் காலடியில் இருக்கும் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெரும்பாலான நாட்களில் அதை நான் மிதிப்பதே இல்லை. ஆனாலும் நான் இறங்கிக்கொண்டு, இனி நீங்களே ஒரு சுற்று போய் வாருங்கள் என்றால், நேற்றுவரை நன்றாக ஓட்டியவர் அதே தெருவில் அதே காரை மூன்று முறை அணைத்துவிடுவார். இதை ஆண்டுக்கணக்காகப் பார்த்து வருகிறேன்.

4. வீட்டில் மாமியார் இருக்க வெளியாள் எதற்கு என்ற கேள்வி எழலாம். எங்கள் உறவினர் பலருக்கும் எழுந்தது. என் தாயார் உயிருடன் இல்லை. பல பெண்கள் திரைச்சீலை மறைவில் படுத்திருக்கும் கூடம் என்பதால் ஆண்களை உள்ளே விடுவதில்லை. அது சரியானதே, என் கணவரும் அதை ஏற்றுக்கொண்டார், சற்று வேகமாகவே ஏற்றுக்கொண்டார். என் மாமியார் என் மீது உயிரையே வைத்திருப்பவர். ஆனால் எனக்கு ஊசி போட்டால் ஐயோ என்று அலறுவது அவர்தான். ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் செவிலியர் என் கையில் பஞ்சை வைத்துவிட்டு அவருக்குத் தண்ணீர் கொடுக்க ஓடினார். எனவே துணையாளரின் பெயரைத் தந்து, வார்டில் கர்ப்பிணி ஒருவருக்கு ஒன்று என்று தரப்படும் மஞ்சள் அட்டையை அவர் கழுத்தில் மாட்டினோம். மாமியார் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

5. நிகழ்ந்தது பின்வருமாறு. என்னைக் கட்டிலில் படுக்கவைத்த சிறிது நேரத்தில், அட்டை வைத்திருப்பவர் யார் என்று கேட்டு, என் ரத்த மாதிரியைத் துணையாளரிடம் கொடுத்து எதிர்க் கட்டடத்தில் இருக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டு என் இடுப்பில் வைத்தார். உடனே கையுறை வாங்கிவர மருந்தகத்துக்கு அனுப்பப்பட்டார். பிறகு என் வயது தவறாகப் பதிவாகியிருப்பதாக அலுவலகத்துக்கு. பிறகு ஸ்கேன் அறிக்கை வாங்க. எள் என்றால் எண்ணெயாக நிற்கும் குணம் அவருக்கு, அதிலும் சீருடை அணிந்தவர் அழைத்தால் பாதி அழைப்பிலேயே எழுந்துவிடுவார். ஒவ்வொரு முறையும் என் காதருகே குனிந்து "இதோ வந்துடுறேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனார், சொன்னபடி வரவும் செய்தார். வந்து உட்காரும் முன் அடுத்த வேலை காத்திருந்தது. அவர் கை என் இடுப்பில் இருந்த நேரத்தைவிட அட்டை அவர் கழுத்தில் ஆடிய நேரமே அதிகம்.

6. அனுப்பிய செவிலியரை நான் குறை சொல்லவில்லை. அவரிடம் இருந்த கட்டில்களுக்கு உதவியாளர் ஒருவர்கூட அன்று இல்லை, அவருக்கும் தலைக்கு மேல் வேலை. மேலும் அவர் என் பழைய மாணவி. தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கத்தை அவரிடமிருந்து போக்கியவள் நான். அந்த உரிமையில்தான் அன்று என்னிடம், "டீச்சர், அன்னைக்கு நீங்க சொன்னதை நான் கேட்டேன்ல? இன்னைக்கு நான் சொல்றதை நீங்க கேளுங்க" என்றார். நானும் கேட்டேன். முடிந்தவரை.

7. வலி மிகவும் கூடியபோது ஏதோ ஓர் ஊசிமருந்து வாங்கிவரத் துணையாளரை மறுபடியும் மருந்தகத்துக்கு அனுப்பினார்கள். மதிய நேரமாகையால் வரிசை படிக்கட்டுவரை நின்றிருந்தது. நாற்காலியிலிருந்து இதைப் பார்த்த என் மாமியார் அங்கே விரைந்து சென்று, "நீ உள்ள போம்மா, நான் வாங்கியாறேன்" என்று சீட்டை வாங்கிக்கொண்டார். அட்டை இல்லாதவருக்கு வார்டு மருந்து தருவதில்லை என்று மருந்தாளுநர் மறுத்துவிட்டார். "என் மருமகளுக்குத்தான்யா மருந்து. என் கையில குடுத்தா அது கசந்துடுமா?" என்று மாமியார் கேட்டிருக்கிறார். சரி, அட்டையைக் கழற்றி மாமியாரிடம் கொடுத்துவிட்டுத் துணையாளர் உள்ளே வந்துவிடலாம் என்றால், அட்டை இல்லாமல் வாசலில் காவலர் விட மாட்டார். ஆக, என் பக்கத்தில் இருக்க வேண்டியவரும் அதைச் செய்ய முடியாத நிலையில், வரிசையில் நிற்கத் தயாராக இருந்தவரும் அதைச் செய்ய முடியாத நிலையில், இருவரும் ஒன்றாக வரிசையில் நின்றார்கள். உள்ளே இருக்க அனுமதிக்கும் அட்டையும், வெளியே போகவைக்கும் அட்டையும் ஒன்றே என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

8. அந்த நேரத்தில் வார்டில் நான் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் வேறு யாரோ வந்தார்கள். என் மாணவி, "டீச்சர், கதவை ஏன் பாக்குறீங்க? குழந்தை இந்தப் பக்கம்தான் வரும், இங்க பாருங்க" என்றார். என்னால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. என் மகள் பிறந்த நொடியில் அங்கிருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

9. தாயும் சேயும் நலம் என்று எழுதப்பட்டது. அது உண்மையே. வாங்கிவந்த ஊசிமருந்து தேவைப்படவில்லை. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் அட்டையுடன் வரும்படி மருந்தகத்தில் சொன்னார்கள்.

10. துணையாளர் என் கட்டிலருகே நின்று, "நான் உக்காந்தே இருந்திருக்கணும்மா. கூப்பிட்டாங்க, எந்திரிச்சுட்டேன்" என்று அழுதார். அவரைத் தேற்ற வேண்டியவள் நான் ஆனேன். அதற்கான தெம்பு எனக்கு இல்லாததால் என் மாமியார் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, அவரையும் சேர்த்து வார்டில் இருந்த அனைவரையும் திட்டினார். வரிசையில் அவர்கள் இருவரும் பக்கத்தில் நின்ற அந்த நேரத்துக்குப் பிறகு, கூலிக்கு உட்காருபவர் என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

11. வீடு திரும்பிய பிறகு பல மாதங்கள், யாராவது "இதோ வந்துடுறேன்" என்று எழுந்தால் என் உள்ளங்கை வியர்த்தது. கடைக்குப் போகும் கணவரைக் காரணமின்றித் தடுத்திருக்கிறேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இது தலைவலியும் அல்ல, காய்ச்சலும் அல்ல, எந்த மருத்துவரிடம் போய் என்னவென்று சொல்வது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டேன். மெல்லக் குறைந்தது. இப்போது நாள் நெருங்க நெருங்கத் திரும்பி வந்திருக்கிறது.

12. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை மனுவில் எந்த இடத்தில் சேர்ப்பது என்று தெரியாததால் தனிப் பத்தியாக எழுதியுள்ளேன்.

13. அதே துணையாளரை இம்முறையும் கேட்டிருக்கிறேன். அவர் தயங்குகிறார். "உள்ள இருக்க விடுவாங்கன்னா வரேன்மா. வரிசையில நிக்கணும்னா அதுக்கு உங்க மாமியாரே போதும்" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆகவே பதிவுப் பிரிவுக்குச் சென்று, துணையாளர் உள்ளே இருக்க, மாமியார் வெளியே நின்று மருந்து முதலியவற்றை வாங்க இன்னோர் அட்டை கிடைக்குமா என்று கேட்டேன். ஒருவருக்கு ஓர் அட்டைதான் என்றார் அங்கிருந்த உதவியாளர். இரண்டு அட்டை கொடுத்தால் இருவரும் உள்ளே வந்துவிடுவார்கள், கூட்டம் சேரும் என்றார். இரண்டாவதற்கு வேறு நிறம் கொடுத்து, அந்த நிறம் வாசலைத் தாண்டக்கூடாது என்று காவலரிடம் சொல்லிவிடலாமே என்றேன். நல்ல யோசனை என்று பாராட்டிவிட்டு, மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்பார்கள். இங்கே பூசாரி சம்மதித்துவிட்டார், ஆகவே தங்களிடம் வந்திருக்கிறேன்.

14. நாள் நெருங்கட்டும், கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் அவர் சொன்னார். கடைசி நேரத்தில் நான் எதையும் பார்த்துக்கொள்ளும் நிலையில் இருக்க மாட்டேன். அதனால்தான் பக்கத்தில் இருக்க ஒருவரை அமர்த்துகிறேன்.

15. என் கோரிக்கையால் வார்டுக்குள் ஒரு தலைகூட அதிகமாகாது. உதவியாளர் பற்றாக்குறையால் உறவினர் வேலை செய்துதான் ஆக வேண்டும் என்றால் அதையும் ஏற்கிறோம். செய்பவர் வேறொருவராக இருக்கட்டும் என்பதே வேண்டுகோள். துணையாளரை வைத்துக்கொள்ள இயலாத பெண்களும் தங்கள் வார்டில் இருக்கிறார்கள். அன்று எனக்கு அடுத்த கட்டிலில் இருந்த பெண்ணுடன் அவருடைய அக்கா வந்திருந்தார். அவரும் அதே மருந்து வரிசையில், எங்கள் ஆட்களுக்கு முன்னால்தான் நின்றாராம். ஆகவே இந்த ஏற்பாட்டை எனக்கு மட்டும் சலுகையாகத் தராமல், வார்டு முழுமைக்கும் உத்தரவாகப் பிறப்பிக்க வேண்டுகிறேன்.

16. இந்த மனு தங்கள் மேசைக்கு வர எத்தனை மேசைகளைத் தாண்ட வேண்டியிருக்கும் என்பதை நான் அறியேன். வழக்கமாக, பதில் வராதபோது நினைவூட்டல் மனு எழுதுவார்கள். எனக்கு அதற்குப் பொழுது இருக்காது. எனவே இதையே மனுவாகவும் நினைவூட்டலாகவும் கருதி, நான் வலியோடு தங்கள் வாசலுக்கு வருவதற்குள் இரண்டாவது அட்டைக்கு ஆணையிட்டு உதவ வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். அன்று மருந்தக வரிசையில் என் மாமியாரின் குரல் உயர்ந்து கேட்டால், உள்ளே நான் தனியாக இல்லை என்று புரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
மகளிர் ஓட்டுநர் பயிற்சி ஆசிரியை
(ஒப்பம்)

இடம்: பேருந்து நிலையத்தின் பின்தெரு
நாள்: ஒன்பதாம் மாதம் தொடங்கிய திங்கட்கிழமை

இணைப்பு: வெளியே நிற்க முன்வரும் உறவினரின் சம்மதம். அவர் சொல்லச் சொல்ல, சொன்னபடியே எழுதப்பட்டது.

"மருமக எழுதினதைப் படிச்சுக் காட்டினா. நான் சண்டை போட்டதா எழுதியிருக்கா, அது நிஜம்தான். பேரப்புள்ளையை நான்தான் மொதல்ல பாக்கணும்னு எனக்கும் ஆசை இருக்கு. பரவாயில்ல, அப்புறமா பாத்துக்கிறேன். மருந்து வாங்கணுமா, ரத்தத்தைக் கொண்டுபோய்க் குடுக்கணுமா, எதுன்னாலும் என்னைக் கூப்பிடுங்க, நான் ஓடுறேன். அந்தம்மாவை மட்டும் எந்திரிக்கச் சொல்லாதீங்க."

மாமியார்
(ஒப்பம்)