திவ்யா எடுத்த இன்வர்ஸ்

புதன், இரவு

கேட்ட நிறம் வர மூன்று பெயின்டில் எதை எவ்வளவு கலப்பது என்று எங்கள் பீன்யா கம்பெனியில் இத்தனை வருடமாக நான்தான் கால்குலேட்டரில் போட்டுச் சொல்லி வந்தேன். எக்செல்லில் மூன்றுக்கு மூன்று மேட்ரிக்ஸாகப் போட்டு இன்வர்ஸ் எடுத்தால் உடனே தெரிந்துவிடும் என்று புதிதாகச் சேர்ந்த திவ்யா இன்று மேனேஜரிடம் சொன்னாள். அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். என் பக்கம் ஒருநாளும் இழுத்ததில்லை.

அவள் ஃபார்முலா போட்டாள். ஒன்பது கட்டங்களில் வர வேண்டிய விடை ஒரே கட்டத்தில் நின்றுவிட்டது. எங்கள் ஆபீஸ் எக்செல் பழையது. ஸ்டாக் ஷீட்டில் நானும் இதே பாடு பட்டிருக்கிறேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவள் முகம் வாடியதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"விஜிக்கா, கொஞ்சம் பாருங்களேன்," என்றாள்.

"ஒன்பது கட்டத்தையும் செலக்ட் பண்ணிட்டு ஃபார்முலா போடு. அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூணையும் சேர்த்து அழுத்து," என்றேன்.

விடை வந்தது.

"சூப்பர், திவ்யா," என்றார் மேனேஜர்.

"நான் இல்ல சார், அக்கா சொல்லித்தான் வந்துச்சு."

அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டே தூங்கியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.