பாக்கெட் தைத்த சட்டைகள்

தம்பி,

போன வியாழக்கிழமை உன் தகரப் பெட்டியைத் திறந்தோம். அடுப்படிக்குக் கரித்துணி வேண்டுமென்று பேத்திதான் உன் பழைய சட்டைகளை எடுத்துக் கிழிக்க உட்கார்ந்தாள். புளித்த றப்பர் பால் வாடை காம்பரா முழுக்க எழும்பியது. இரண்டாவது சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

“அம்மாயி, இங்க பாருங்க. எல்லாத்துலயும் பாக்கெட்டோட வாயத் தச்சி வச்சிருக்காங்க.”

வாங்கிப் பார்த்தேன். ஐந்து சட்டை, ஐந்திலும் கறுப்பு நூல். சாக்கு மூட்டை தைத்த மாதிரி ஆம்பிளைத் தையல். தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் நாலு காம்பரா தள்ளித்தான் இத்தனை வருஷம் இருந்தேன். பீடியைக் காதில் செருகுவாய், வெற்றிலையை மடியில் முடிவாய். குடிகாரன் பழக்கம் என்று நினைத்தேனே தவிர, உன் சட்டையை ஒரு நாளும் நான் பார்க்கவில்லை.

அந்தப் பாக்கெட்டில் தாளை வைத்தது நான்தானே, தம்பி.

நீ மூன்றாம் வகுப்போடு நின்றவன். நான் ஐந்து படித்தவள். லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். உனக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை. கேகாலைப் பழைய சாமான் கடையில் வாங்கி வந்த ஆர்மோனியத்துக்குத் துருத்தி கிழிந்திருந்தது. அதை றப்பர் பால் பூசி ஒட்டினாய். ஒற்றை விரலால் ஒவ்வொரு கட்டையாகத் தடவித் தடவிப் படித்தாய். மழை பெய்து மரம் நனைந்து பால் வெட்டு இல்லாத ஒரு நாளில், வாசலில் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கட்டினாய்.

‘மேகமே, மலைக்கு அந்தாண்ட நில்லு,
மரம் காயட்டும், நான் வாளி எடுத்தேன்னு சொல்லு.’

நான் எழுதினேன். தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் கேசட்டில் பிடித்து ரேடியோவுக்கு அனுப்பினார். கஹவத்தைப் பக்கத் தோட்டங்கள் வரைக்கும் பிள்ளைகள் மழையைப் பார்த்து அதைப் பாடின. இன்னொரு பாட்டுக் கொண்டு வரச் சொல்லி ரேடியோவிலிருந்து கடிதம் வந்தபோது, அதை லயம் முழுக்கக் கொண்டு போய் வாசித்துக் காட்டியவள் நான்.

இரண்டாவது பாட்டை என் நல்ல கையெழுத்தில் எழுதி, நாலாக மடித்து, உன் பாக்கெட்டில் வைத்து பஸ் ஏற்றினேன். உன்னிடம் ஐடென்டி கார்டு இல்லை, தோட்டத்துக் கடிதம் மட்டுந்தான். யுத்த நேரம். வழியில் பஸ்ஸை மறித்துச் சோதித்த பொலிசுக்காரர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை. “மே லியும மொகத்த?” என்று சிங்களத்தில் கேட்டார்களாம். என்ன கடிதம் என்று கேட்டதற்கு, பாட்டு என்று சொன்னாயாம். கார்டு இல்லாதவன் பாக்கெட்டில் தமிழ் எழுதிய தாள், யார் நம்புவார்? பதினொரு நாள் வைத்திருந்தார்கள். பிறகு தமிழ் தெரிந்த ஒருவர் வந்து வாசித்து, பாட்டுத்தான் என்று சொல்லி, சிரித்துவிட்டு வெளியே அனுப்பினார்களாம்.

நீ திரும்பி வந்தபோது வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. பால் வெட்டுகிற கத்தியைப் பிடிக்க முடிந்தது. ஆர்மோனியக் கட்டையை அழுத்த முடியவில்லை. நான் உன் எதிரிலேயே மிச்சமிருந்த தாள்களை எல்லாம் அடுப்பில் போட்டேன். தொட்டிலில் கிடந்த இந்தப் பேத்தியின் தலையைத் தொட்டு, இனி உன் பாட்டை என் கை எழுதாது என்று சத்தியம் பண்ணினேன். எழுதித் தா என்று அதற்குப் பிறகு நீ என்னிடம் கேட்கவில்லை.

உன் பெண்சாதி குவைத்துக்குப் போனாள், வரவில்லை. ஆர்மோனியத்தைக் கறையான் தின்றது. நீ கசிப்புச் சாராயத்தில் இறங்கினாய். யாராவது உன்னைக் கேட்டு வந்தால், ஒரு பாட்டோடு அவன் கதை முடிந்தது என்று நானே சொல்லுவேன். உன் காதுபடவும் சொல்லியிருக்கிறேன். நீ சிரிப்பாய்.

உன்னைப் பாடையில் தூக்கிய அன்று முச்சந்தி வரை வந்தேன். பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. பாடையைத் திருப்பி வைத்தார்கள், நாங்கள் திரும்பி நடந்தோம். பத்து அடி போயிருப்பேன், பின்னால் தப்பு மேளச் சத்தம் நின்றது. ஒருவன் பாடினான். நான் கேட்டே இராத பாட்டு. அவன் நிறுத்த, வேறொருவன் வேறொன்று எடுத்தான். யார் பாட்டு என்று கேட்டேன், பக்கத்தில் வந்தவளுக்கும் தெரியவில்லை. முறையாவது ஒன்றாவது என்று முக்காட்டோடு திரும்பி ஓடினேன்.

உன்னோடு பால் வெட்டிய ஏழு பேர், ஆளுக்கு ஒரு பாட்டு. கடைசியாகப் பாடியவர் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள ஆள், நம் பண்டா. அவர் வாயில் தமிழ்ப் பாட்டு. மழையை ‘மலை’ என்றுதான் பாடினார், கண்ணில் தண்ணீர் வழிய.

அவர் கையைப் பிடித்து, இது யார் கட்டியது என்று கேட்டேன்.

“உங்க மல்லிதான், உங்க தம்பிதான். மரத்துக்கு மரம் போறப்ப சொல்லிக் குடுத்தாரு, அக்கே. ஆளுக்கு ஒண்ணுதான். ரெண்டாவது குடுக்க மாட்டாரு.”

“எனக்கு ஏன்யா சொல்லல?”

“அக்காவுக்குத் தெரிய வேணாம்னாரு. தெரிஞ்சா பயத்துல அவங்க கை நடுங்கும்னாரு.”

பாடையைப் பார்த்தபடி நின்றேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் உன்னைச் செத்துப்போன பாட்டுக்காரனாகவே வைத்திருந்தேன். நீ தினமும் விடிகாலையில் நாலு மரம் தள்ளி நின்று பாட்டுக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாய்.

சத்தியத்தை முறிப்பதென்று முடிவு பண்ணினேன். காரியம் முடிந்ததும் புதுக் கொப்பி ஒன்று வாங்கி பண்டா வீட்டுக்குப் போனேன். பாடுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவர் கொப்பியை மூடி என் மடியில் வைத்தார்.

“எழுத வேணாம் அக்கே. தாளு பொலிசுக்கு அம்புடும், வாயி அம்புடாதுன்னாரு. நான் அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

மற்ற ஆறு பேரும் அதையேதான் சொன்னார்கள். யுத்தம் முடிந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். வாக்கு முடியவில்லையே என்றார்கள். எழுத்துத் தெரிந்தவள் என்று ஊரில் தலை நிமிர்ந்து நடந்தவள், எழுத்தே தெரியாதவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு அடியாகத் திருப்பித் திருப்பிச் சொல்லிக் கற்றுக்கொண்டேன். எனக்கு மறதி அதிகம். பண்டா பொறுமைசாலி, நான் தப்பாகச் சொன்னால் தரையில் தட்டுவார். இதுவரை மூன்று பாட்டு வந்திருக்கிறது, நாலு பாக்கி. பண்டாவுடைய பாட்டில் என்னைப் பற்றி இரண்டு அடி இருக்கிறது. திட்டித்தான் இருப்பாய் என்று பயந்து கேட்டேன். நீ திட்டவில்லை. அந்த இரண்டு அடியை இந்த மடலிலும் எழுதவில்லை, தம்பி.

நேற்று அந்தப் பாட்டைப் பேத்திக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். கேகாலைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை, என்னைவிடக் கெட்டிக்காரி. முதல் அடி சொன்னதுமே பேனையும் கொப்பியும் எடுக்க எழும்பினாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“என் வாயப் பாரு,” என்றேன்.

அக்கா