பாறையிடம் பேசச் சொன்னார்

பாப்பா,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். ஆறுவதற்குள் சாப்பிடு. கேஸ்காரர் வந்தால், காலி சிலிண்டர் கதவோரம் இருக்கிறது.

இன்று சபையில் தலைமைப் பொறுப்பைப் பற்றி நான்தான் பேச வேண்டியது. மோசேயை எடுத்திருந்தேன். தண்ணீர் வரப் பாறையிடம் பேசு என்று கர்த்தர் சொல்லியும், ஜனங்கள் மேலிருந்த கோபத்தில் மோசே அதைக் கோலால் அடித்தாரே, அந்த இடம்.

நேற்று நம் பேக்கரியில் பன் கருகியதற்கு எல்லார் முன்னாலும் உன்னை வறுத்தெடுத்தேன். "பாறைகிட்டயே பேசச் சொன்னாரே கர்த்தர், என்கிட்ட பேசக் கூடாதாப்பா?" என்று கேட்டுவிட்டு ஏப்ரனைக் கழற்றினாய். உன்னிடமிருந்த கடைச் சாவியை மேஜையில் எறிந்துவிட்டுப் போனாய்.

கடையைப் பூட்டும்போதுதான் பார்த்தேன். ஓவன் சூட்டைக் கூட்டிவிட்டு மறந்தது நான்.

அப்படி அடித்ததால் மோசே, ஜனங்களை அத்தனை தூரம் நடத்தி வந்தும் கர்த்தர் வாக்களித்த தேசத்துக்குள் போகவில்லை. இதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவன் நான்.

அப்பா

பி.கு. நீ வேறு கடையில் சேரப்போவதாக அம்மா சொன்னாள். தடுக்க மாட்டேன்.

இன்னொன்று. சபையில் வேறு ஆளைப் பேசச் சொல்லிவிட்டேன். பேக்கரிக்குப் போய், தப்பு என்னுடையது என்று எல்லாரிடமும் சொல்லப்போகிறேன். நீயும் நின்று கேட்டால்தான் அது முழுசாகும். நீ மேஜையில் எறிந்த கடைச் சாவி அங்கேயே கிடக்கிறது. நான் எடுக்கவில்லை.