சிறுத்துப்போன எழுத்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முழங்கால் வலி தேவலையா?

இன்னிக்கு வார்டுல ஒரு பெரியவரை எழுதச் சொன்னோம். போகப்போக எழுத்து எறும்பு மாதிரி சிறுத்துப்போச்சு. நடுக்குவாதமா இருக்கலாம்னார் பெரிய டாக்டர்.

ரூமுக்கு வந்ததும் அப்பாவோட கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். போன வருஷம் ஒரு பக்கம் பிடிச்ச சேதி இப்போ அரைப் பக்கத்துல அடங்குது. கண்ணாடி மாத்தணுமோ, தாளை மிச்சம் பிடிக்கிறாரோ, ஒண்ணும் பிடிபடல. சொந்த அப்பான்னதும் படிச்சதெல்லாம் குழம்புது.

பதறாதே. நடக்கும்போது கையை வீசித்தானே நடக்கிறார்? சட்டைப் பொத்தான் போட நேரமாகுதா? கவனிச்சுச் சொல்லு.

இதை அவர்கிட்ட காட்டாதே. எனக்கு ஒரு கடிதம் மட்டும் அவரையே எழுதச் சொல்லு. டியூட்டிக்கு நேரமாச்சு. என்னைத் திட்டியாவது எழுதட்டும்மா, பெரிய எழுத்துல.

உன் மகள்