ஆடாத ஆட்டங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன

என் ஆசைத் தம்பி மாறா,

நேற்றும் ஒன்று வந்தது. உன் பெயருக்குத்தான் வந்தது. பனிமலையில் ஒருத்தி தன்னந்தனியாக ஏறிப்போகும் படம் போட்ட ஆட்டம். கோவளத்தில், உன் வீட்டுத் தொலைக்காட்சித் திரையில், நீ வாங்கி வைத்துத் தொடாமல் விட்ட வீடியோ கேம்களின் வரிசையில் அதுவும் போய் நின்றுகொண்டது. ஆடுகிறவன் போய்விட்டான் என்று அதற்கு யார் சொல்வது?

நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. முட்டுக்காட்டு உப்பங்கழி நிறைந்து, கடலோடு கலந்து, மறுபடியும் வற்றிக் கரை காட்டுகிறது. மேடையேறினால் இறங்க மனமில்லாமல் முழங்கும் உன் அக்காவுக்கு, உனக்கு நான்கு வரி எழுத இத்தனை நாள் ஆகியிருக்கிறது. தனியாக எழுதி மடித்து வைத்திருக்கலாம். ஆனால், ஊர் கேட்கப் பேசியே பழகியவள் நான். இதையும் ஊர் கேட்கட்டும்.

உன்னை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சிறுசேரியில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் உனக்கு வேலை. ஒரு புதன்கிழமை மாலை, அலுவலகப் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்தாய். கோவளம் நிறுத்தம் வந்தது. நீ எழவில்லை. அசதியில் உறங்குகிறாய் என்று எண்ணி, பக்கத்து இருக்கைக்காரர் உன் தோளைத் தொட்டிருக்கிறார். நாற்பதைக்கூட எட்டாத உன் நெஞ்சு கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் இடையில் எங்கேயோ நின்றுபோயிருந்தது. எங்கே? அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே போகிறேன். உப்பளம் தெரியும் திருப்பத்திலா? பாலத்தின் மேலா? அந்தச் சாலையை எந்த மேடையில் ஏற்றி நான் கேள்வி கேட்பது?

நம் ஞாயிற்றுக்கிழமைகளையும் சொல்ல வேண்டும். நீ பள்ளியில் படித்த நாளில் உனக்கு ஆங்கிலம் தடுக்கும். ஆட்டத்தில் வருகிறவர்கள் பேசுவது திரையின் அடியில் எழுத்தாக ஓடும். நான் அதைப் படித்துத் தமிழில் சொல்வேன். பிறகு நீ ஆங்கிலத்திலேயே பிழைப்பு நடத்துகிறவன் ஆனாய். ஆனாலும், செங்கல்பட்டிலிருந்து பேருந்து பிடித்து நான் வந்து சேர்ந்ததும், கண்ட்ரோலரைக் கையில் எடுப்பாய், ஒலியைக் குறைப்பாய், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வாய்: “சொல்லுக்கா.”

நான் சொல்வேன். “எவன் அவன், என் எல்லைக்குள் அடியெடுத்து வைத்தவன்? உன் வாளுக்கு வழி தெரியுமா, இல்லை என் வேலுக்கு வழிவிடப் போகிறாயா?” என்று முழங்குவேன்.

“அக்கா, அவன் ரெண்டே வார்த்ததான் சொன்னான். நீ பேசி முடிக்கறதுக்குள்ள என்ன நாலு வெட்டு வெட்டிட்டான். மைக்க ஆஃப் பண்ணு.”

ஒருமுறை ஏதோ ஒரு துறைமுகத்தில் மீன்காரி ஒருத்தி வந்தாள். “தங்களுக்கு யாது வேண்டும்?” என்று அவளைக் கேட்க வைத்தேன். நீ ஆட்டத்தை நிறுத்திவிட்டாய். “எந்த ஊர் மீன்காரிக்கா இவ? நம்ம மார்க்கெட்டுல போயி நின்னு பாரு.” சமையலறையில் இறால் உரித்துக்கொண்டிருந்த உன் மனைவி ஸ்டெல்லா, கையைக்கூடக் கழுவாமல் வந்து நின்றாள். “இன்னா வோணும் சொல்லு, சும்மா மீன நோண்டினு நிக்காத. இப்டி கேப்பா அண்ணி.” அன்று முதல் எல்லா ஆட்டங்களிலும் அரசர்கள் என் தமிழில் பேசினார்கள், மீன்காரிகள் ஸ்டெல்லாவின் தமிழில் பேசினார்கள்.

கதையுள்ள ஆட்டம் எதையும் நான் இல்லாமல் நீ தொட மாட்டாய். எனக்கோ கூட்டங்கள், உனக்கோ வேலை. ஆடி முடித்தவை சில. வாங்கி வைத்தவை பல. பிடித்ததையெல்லாம் இணையக் கடையில் குறித்து வைப்பாய்; விலை இறங்கியதும் உன் கைப்பேசிக்குச் செய்தி வரும்; உடனே வாங்கிவிடுவாய்.

“இது இன்னா மீனா? வெல எறங்கிச்சின்னா கூடையோட அள்ளிக்கினு வர்ற?” என்று ஸ்டெல்லா கேட்பாள்.

“கெடாத மீனு புள்ள. ஆடறப்ப ஆடிக்கலாம். கீதுன்னு தெரிஞ்சா போதும்.”

கெடாத மீன். நீதான் சொன்னாய். கெட்டுப்போகிறவர்கள் நாம் என்று ஏனடா யாருக்கும் தோன்றவில்லை?

கடைசி ஞாயிறன்று நாம் ஓர் ஆட்டத்தின் முடிவை நெருங்கியிருந்தோம். நீண்ட நாள் ஆடிய ஆட்டம். பெரிய இரும்புக் கதவு ஒன்று. அதற்குப் பின்னால் கடைசி அரசன். கதவுக்கு வெளியே ஒரு தீ எரிந்தது. உன் வீரனை அந்தத் தீயருகே நிறுத்தி, அதுவரை ஆடியதைச் சேமித்தாய். அன்று என் தொண்டை கம்மியிருந்தது. “உள்ள கீறவன் பேசறது ரொம்ப நீளமாம்க்கா. தொண்டைய காப்பாத்தி வெச்சிக்கோ. அடுத்த ஞாயிறு அவன நீ பேசு, நான் வெட்டறேன்.”

அடுத்த ஞாயிறு வந்தது. உன் வீட்டு நாற்காலிகளையெல்லாம் தெருவில் போட்டிருந்தார்கள்.

தொண்டையைக் காப்பாற்றி வைத்திருந்தேன், மாறா. அதனால் எந்தப் பயனும் இல்லை. இரண்டு மாதம் கழித்துச் செங்கல்பட்டில், ஏரியைக் காக்க ஒரு கூட்டம். “பெருமக்களே” என்றேன். அடுத்த சொல் வரவில்லை. நான் நிறுத்தினால் பின்னால் இடி வரும் என்று பழகிய கூட்டம் அது, கை தட்டினார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். மறுபடியும் தட்டினார்கள். பிறகு யாரோ ஒரு பெண் மேடையேறி வந்து, என் கையைப் பிடித்துக் கீழே அழைத்துப் போனாள். அதன் பிறகு நான் எந்தக் கூட்டத்துக்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

தைப் பொங்கல் கழிந்து ஒரு பிற்பகல் ஸ்டெல்லாவைப் பார்க்கப் போனேன். உன் ஆட்டப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சொல்லத்தான் போனேன். நீயற்ற வீட்டில் அந்தப் பெட்டி அவளை வதைக்கும் என்று எனக்குள் ஓர் உரையே ஆயத்தமாக இருந்தது. அதன்மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தாள். ஆனால் தூசி இல்லை. இயக்கிக் காட்டச் சொன்னேன். திரையில் வரிசை வரிசையாகப் படங்கள். முன்வரிசை முழுவதும் நான் பார்த்திராதவை. இவை எப்போது வந்தவை என்று கேட்டேன்.

ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள். “நான்தான் அண்ணி வாங்கினேன்.”

அவளா? கூடை கூடையாக அள்ளுகிறாய் என்று உன்னைக் கடிந்தவளா?

“அவரு போனுக்கு மெசேஜ் வந்துகினே கீது. அவரு கேட்டு வெச்சது, வெல எறங்கிச்சின்னு. மொதல்ல பாத்துட்டு வெச்சிட்டேன். நாளைக்கு முடிஞ்சிடும், இன்னிக்கு கடைசின்னு அதுவே திருப்பித் திருப்பி சொல்லுது. அவரு ஆசப்பட்டு கேட்டத எப்டி அண்ணி வோணான்னு வுடறது?” அந்தத் துண்டை மடித்தபடியே சொன்னாள்: “எனக்கு ஆடல்லாம் தெரியாது. என் காசுல வாங்கி வெக்கறேன், அவ்ளோதான்.”

என் உரை என் வாயிலேயே செத்தது. உலகத்தில் வேறு எல்லாம் உன்னை முடித்துவிட்டன, தம்பி. அலுவலகம் உன் இருக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. வங்கி உன் கணக்கை மூடிவிட்டது. அந்த ஒரு கைப்பேசி மட்டும் நீ ஆசைப்பட்டதை நினைவில் வைத்துக்கொண்டு உன்னைத் தேடி வருகிறது. அதை வாயிலில் நிறுத்தித் திருப்பியனுப்ப அவளால் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

பிறகு நாங்கள் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தோம். நீ பாதியில் நிறுத்திய அந்த ஆட்டத்தைத் திறந்தோம்.

அதே கதவு. அதே தீ. அதன் அருகே, நீ விட்ட இடத்திலேயே, உன் வீரன். யாரும் எதையும் அழுத்தவில்லை. ஆனாலும் அவன் தோள்கள் மெல்ல ஏறின, இறங்கின. ஏறின, இறங்கின.

“மூச்சு வுடறான் அண்ணி,” என்றாள் ஸ்டெல்லா.

ஆட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், பார்த்ததாகவே நினைவில்லை. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் அவன் கால் மாற்றி நிற்கிறான். பிறகு தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறான். இன்னும் வரவில்லையா என்று கேட்பதுபோல, எங்கள் இருவரையும் நேராகப் பார்த்தான். நான் கண்ட்ரோலரை எடுக்கக் கை நீட்டினேன். ஸ்டெல்லா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அவர நகத்தாதீங்க அண்ணி.”

கையை எடுத்துக்கொண்டேன். மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்தது. அதன் பின்னால் பள்ளிவாசல் பாங்கு கேட்டது. அவன் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான்.

“அந்தக் கதவ தெறந்தா இன்னா ஆவும்?” என்று கேட்டாள்.

அரசன் பேசுவான் என்றேன். சண்டை நடக்கும், வென்றால் கதை முடியும், ஆக்கியவர்களின் பெயர்கள் ஓடும், பிறகு முதல் பக்கம் வரும்.

“அப்ப இவரு?”

கேள்விக்கு விடை சொல்லியே பெயரெடுத்தவள் நான். பெட்டியை அணைக்கும் பொத்தானைத் தேடினேன்.

அவள்தான் சொன்னாள்: “வேற எதனா போடலாம் அண்ணி. அவரு தொடாதது.” நீ வாங்கிய வரிசையின் கடைசியில் கிடந்ததை எடுத்தோம். கண்ட்ரோலரை ஸ்டெல்லா பிடித்தாள். இறால் உரிக்கும் விரலுக்கு எதுவும் வரும் என்று நினைத்தோம், திரையில் ஆளை நடக்கவைக்கவே வரவில்லை. தொடக்கத்திலேயே ஓர் ஆறு. விழுந்தாள். மறுபடியும் விழுந்தாள். “அவரு இதப் பாத்தா சிரிச்சே செத்துருப்பாரு,” என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது இன்னது என்று தெரிந்தது. இருவரும் சிரித்தோம். சிரிப்பு முடிய வெகுநேரம் ஆயிற்று. முடிந்தபோது அது சிரிப்பாக இல்லை.

ஒருவழியாக ஆற்றங்கரையில் ஒரு படகுக்காரனிடம் போய்ச் சேர்ந்தாள். அவன் வாய் அசைந்தது. அடியில் எழுத்து ஓடியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டு மேடையில் அடைத்த அதே அடைப்பு. ஸ்டெல்லா கையை நீட்டி ஒலியைக் குறைத்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சொல்லுங்க அண்ணி.”

குரல் வந்தது, மாறா. உடைந்து வந்தது, ஆனால் வந்தது. “அக்கரை சேர விழைவோர் யாவரும் என் படகில் ஏறுக” என்றேன்.

“எங்கப்பாவும் முட்டுக்காட்டுல படகு ஓட்னவருதான். இப்டி பேசினா ஒருத்தன் ஏற மாட்டான்,” என்றாள்.

இப்போது எல்லா ஞாயிறும் போகிறேன். அவள் ஆற்றில் விழுகிறாள், நான் பேசுகிறேன். சென்ற வாரம் திருக்கழுக்குன்றத்தில் ஒரு கூட்டத்துக்கும் போய்ப் பேசிவிட்டு வந்தேன். இடி இல்லை, தூறல்தான். ஆனாலும் பேச்சு முடியும்வரை யாரும் எழுந்து போகவில்லை.

ஆனால் சில நாளாக ஸ்டெல்லாவின் முகம் சரியில்லை. கேட்டேன். “அவரு கேட்டு வெச்சது இன்னும் ரெண்டு மூணுதான் கீது அண்ணி. அதுவும் வந்துடுச்சின்னா, அப்பால அந்த போனு எதுக்குப் பேசும்?”

அன்று வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மறு ஞாயிறு, அவள் தேநீர் போடப் போனபோது, உன் கைப்பேசியை எடுத்தேன். எப்படிக் குறித்து வைப்பது என்று தடவித் தடவிக் கண்டுபிடித்தேன். பனிமலையில் ஒருத்தி தனியே ஏறும் ஆட்டம். குறித்து வைத்தேன். அதன் பக்கத்தில் இருந்ததையும் குறித்தேன். விரல் ஓயும்வரை குறித்துக்கொண்டே இருந்தேன். எல்லாமே கதையுள்ளவை. எல்லாவற்றிலும் யாரோ பேசுகிறார்கள்.

நேற்று வந்தது அதுதான். நீ கேட்காத முதல் ஆட்டம். மூச்சிரைக்க அழைத்தாள் ஸ்டெல்லா: “அண்ணி, இன்னொண்ணு வந்துகீது. இத அவரு எப்ப கேட்டாருன்னே தெரில.” வாங்கு என்றேன். இந்த மடலைப் படிக்கும்போது அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் அவள் அந்தக் கைப்பேசியை அணைக்கமாட்டாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், தம்பி. அந்த இரும்புக் கதவைத் திறப்போம். அரசனுக்குரிய குரலைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். ஆனால், ஆடாமல் கிடப்பவை எல்லாவற்றையும் ஆடி முடித்துவிட்டுத்தான் அங்கே வருவோம். அவை தீராமல் நான் பார்த்துக்கொள்கிறேன். அதுவரை நீ தீயருகிலேயே நில்.

திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் உனக்குப் பின்னால் அமர்ந்திருக்கும்,
உன் அக்கா.